வெள்ளித்தண்ணி

பட்டாணி கன்னத்தைச் சுவரில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தது அடைமழை பிடித்த வாரத்தில். முதலில் தையல்காரிக்கு அது மழைச் சத்தம் என்றுதான் பட்டது. தகரக் கூரையில் சடசடவென்று கொட்டிக்கொண்டிருந்ததற்கு நடுவில் ‘டொக், டொக்’ என்று வேறொரு சத்தம். மிஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். உள்ளறையிலிருந்து வந்தது. எட்டிப் பார்த்தால், பிள்ளை மூலையில் உட்கார்ந்து வலது கன்னத்தைச் சுவரில் கொடுத்துக் கொடுத்து இடித்துக்கொண்டிருக்கிறாள். அழுகை இல்லை. முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. ஏதோ கொடுத்த வேலையைச் செய்கிறவள் மாதிரி நிதானமாக இடித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து வயது. பேச்சு வரவில்லை. பிறந்தபோது உள்ளங்கையில் அடங்கிவிடுகிற அளவுதான் இருந்தாள் என்று அப்பன் வைத்த பெயர் பட்டாணி. காது நன்றாகவே கேட்கும். நாலு வீடு தள்ளி யாராவது பாத்திரத்தைப் போட்டால்கூட இங்கே காதைப் பொத்திக்கொள்வாள். ஆனால் மனசில் இருப்பதை வெளியே சொல்ல அவளுக்கு வழி கிடையாது. மற்றவர்கள்தான் பார்த்துப் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டும். பசியையும் தூக்கத்தையும், சட்டைத் தையல் உறுத்துவதையும் தையல்காரி ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். வலி மட்டும் பிடிபடாது. விழுந்து முட்டி பெயர்ந்தாலும் எழுந்து போய்க்கொண்டே இருக்கிற பிள்ளை அது.

தையல்காரி ஓடிப்போய்ச் சுவருக்கும் கன்னத்துக்கும் நடுவில் தன் உள்ளங்கையைக் கொடுத்தாள். பட்டாணி அந்தக் கையிலேயே இடித்தாள். கன்னம் கொதித்தது. பல்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது அவளுக்கு.

பல்லுக்காக ஒரு தடவை பட்டபாடு போதாதா? போன வருஷம் முன்பல் பழுப்பேறியிருக்கிறதென்று பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. சமாதானம் சொன்னார்கள், பொம்மை காட்டினார்கள், கடைசியில் போர்வையில் சுற்றினார்கள். தலையை ஒருவர், காலை ஒருவர், தோளை ஒருவர். ஒரு கையை நீங்க பிடிச்சுக்குங்கம்மா என்றார்கள். அவளும் பிடித்தாள். அப்படிப் பிடித்ததை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு ஆறவில்லை. துளைக்கிற மிஷின் கிர்ரென்றதுமே பிள்ளை நீலம் பாரித்துப் போனாள். கண் மேலே செருகிக்கொண்டது. வலிப்பு. கைக்குழந்தையாக இருந்தபோது வந்து நின்றுபோயிருந்தது, அந்த நாற்காலியில் திரும்ப வந்துவிட்டது.

அதற்குப் பிறகு பிரஷ் என்ற ஒன்றைப் பட்டாணி வாய்க்குப் பக்கத்தில் விடவில்லை. ஆஸ்பத்திரியில் முழு மயக்கம் கொடுத்து ஒரே நாளில் எல்லாப் பல்லையும் சரிசெய்துவிடலாம் என்றார்கள். வலிப்பு வருகிற குழந்தை என்பதால் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும், முறை வரும்போது கூப்பிடுகிறோம் என்றார்கள். தையல்காரியின் கணவன் அதைக் கேட்டதும் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டான். மயக்கம் கொடுத்து எழுந்திருக்காமல் போனால் யார் பதில் சொல்வது என்று வழியெல்லாம் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தான். அவளும் மறுத்துப் பேசவில்லை. அவளுக்கும் அதே பயம்தான்.

அவன் பேக்கரியில் அடுப்பு பார்க்கிறவன். ஊர் தூங்கும்போது வேலைக்குப் போய், வெயில் ஏறும்போது திரும்பி வருவான். முழங்கை வரைக்கும் தட்டு சுட்ட தழும்புகள் வரி வரியாக இருக்கும். காதுமடலில்கூட மாவு ஒட்டியிருக்கும். வரும்போது சட்டைக்குள் வைத்து ஒரு இனிப்பு பன் கொண்டுவருவான். அதைச் சர்க்கரை போட்ட பாலில் ஊறவைத்துக் கொடுத்தால் பட்டாணி சாப்பிடுவாள். வேறு எதைக் கொடுத்தாலும் துப்பிவிடுவாள். கஞ்சி, முட்டை, பழம் எல்லாம் முயன்று பார்த்தாயிற்று. ஏதோ ஒன்று உள்ளே போகிறதே என்று மூன்று வேளையும் அதையேதான் கொடுத்தார்கள். பால் புட்டியை வாயில் வைத்துக்கொண்டேதான் தூங்குவாள். புட்டியை எடுத்தால் விழித்துக்கொள்வாள் என்று அவர்களும் எடுப்பதில்லை.

அந்த மழை வாரம் முழுக்கப் பிள்ளை சுவரை விடவில்லை. மருந்துக்கடையில் வாங்கிய வலிமருந்து கொஞ்ச நேரம் தாங்கும். அது தீர்ந்ததும் மறுபடி டொக், டொக். தையல்காரிக்குப் பள்ளிக்கூடச் சட்டைகள் குவிந்து கிடந்தன, கை ஓடவில்லை. காலர் ஒன்றைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தாள். பிரித்ததையும் மறுபடி தலைகீழாகவே தைத்தாள். கன்னம் வீங்குகிறதா என்று நொடிக்கொரு தரம் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல் சீழ் முகத்தில் பரவி மூச்சை அடைத்துவிடும் என்று யாரோ எப்போதோ சொன்னது காதிலேயே நின்றது.

சட்டை வாங்க வந்த ஒரு நர்ஸ்தான் இதைப் பார்த்துவிட்டு, சைக்கிள் கடை மாடியில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார், ஊசி போடாமல், துளைக்காமல் மருந்து தடவுகிறார், போய்க் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த டாக்டர் நடுவயசுப் பெண். வெள்ளைக் கோட்டு போட்டிருக்கவில்லை. பட்டாணி வாசலிலேயே தரையில் உட்கார்ந்துகொண்டதும் தானும் வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை, தொடவில்லை. ஒரு சின்ன டார்ச்சை ஏற்றி அணைத்துத் தன் உள்ளங்கையில் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பட்டாணி வெளிச்சத்தைப் பார்த்து வாயைப் பிளந்தபோது ஒரு தடவை, கொட்டாவி விட்டபோது ஒரு தடவை என்று கிடைத்த சந்தில் எல்லாம் வாய்க்குள் பார்த்துக்கொண்டார். வந்த காரியம் முடிந்துவிட்டது என்று பிறகுதான் தையல்காரிக்குப் புரிந்தது.

“முன்னாடி நாலும் சொத்தை. பின்னாடி ரெண்டு பக்கமும் இருக்கு” என்றார் டாக்டர். “ஈறுல வீக்கம் எதுவும் தெரியல. அது நல்ல விஷயம். கீழ வலது பக்கம் கடைசிப் பல்லுதான் எனக்குச் சந்தேகம். நரம்புகிட்ட போயிருக்கலாம். படம் எடுத்தாத் தெரியும், இப்ப அதுக்கு விடமாட்டா.”

“அதைத்தான் இடிச்சுக்கிறா டாக்டர்.”

“இருக்கலாம். மத்த பல்லும் கூசும்தான்.” அவர் எழுந்து போய் ஒரு சின்னக் கறுப்புப் புட்டியைக் கொண்டுவந்து காட்டினார். “இது வெள்ளியும் ஃப்ளோரைடும் கலந்த மருந்து. வெள்ளி அங்க இருக்கிற கிருமியக் கொன்னுடும். ஃப்ளோரைடு பல்லைக் கெட்டியாக்கும். சொத்தை அதுக்கு மேல ஓடாம அப்படியே நின்னுடும். பல்லைத் துணியால துடைச்சிட்டு ஒரு சொட்டு தடவணும். ஒரு நிமிஷ வேலை. நல்லா இருக்கிற கடவாய்ப் பல்லுக்கும் தடவிவிட்டா அதுக்கும் ஒரு காவல்.”

ஊசி கிடையாதா, மயக்கம் கிடையாதா என்று தையல்காரி திரும்பத் திரும்பக் கேட்டாள். கிடையாது என்று டாக்டரும் சலிக்காமல் சொன்னார். அவ்வளவு சுலபமாக ஒன்று இருக்கும் என்று அவளால் நம்ப முடியவில்லை. இதில் எங்கோ ஒரு முள் இருக்கிறது என்று மனசு சொன்னது. அதை டாக்டரே எடுத்துப் போட்டார்.

“ஒன்னு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். சொத்தை இருக்கிற இடம் கறுப்பாயிடும். கரி மாதிரி கறுப்பு. தேய்ச்சாலும் போகாது. பால் பல்லு விழுந்து புதுசு முளைக்கிற வரைக்கும் அப்படியேதான் இருக்கும். முன்பல்லும் சேர்த்துத்தான். வீட்ல பேசிட்டு வாங்க.”

அதற்கு மேலும் டாக்டர் ஏதோ சொன்னார். வெள்ளியே ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு என்றார், தோலில் பட்டால் என்று என்னவோ ஆரம்பித்தார். அதற்குள் பட்டாணி எழுந்து மாடிப்படியைப் பார்த்து ஓட, தையல்காரி பாதியைக் காதில் வாங்கியும் மீதியை விட்டும் அவள் பின்னாலேயே ஓடினாள்.

வீட்டில் நடந்த பேச்சு சாதாரணப் பேச்சு இல்லை. எதிர்வீட்டிலிருக்கிற நாத்தனார், கணவனுக்கு மூத்தவள், ஜவுளிக்கடையில் துணி மடிக்கிறவள், விஷயத்தைக் கேட்டதுமே தலையில் கை வைத்துக்கொண்டாள். பேசத்தான் வரவில்லை, சிரித்தால் பார்க்க லட்சணமாக இருக்கிறதே என்று இருந்தோம், அதிலும் கரியைப் பூசவா என்று கேட்டாள். ஏற்கெனவே தெருவில் பிள்ளைகள் இவளைப் பார்த்து ஒரு மாதிரி சிரிக்கிறார்கள். இனி பேய் என்பார்கள் என்றாள். வெள்ளி என்றால் உலோகம், உலோகத்தை யாராவது குழந்தை வாயில் ஊற்றுவார்களா, இவளுக்கு வலிப்பு வேறு என்றாள்.

கணவன் அக்கா பேசி முடிக்கும்வரை கேட்டான். பிறகு ஒரே கேள்விதான் கேட்டான்.

“எதனால சொத்தை வந்துச்சாம்?”

தையல்காரி மடியிலிருந்த சட்டையை மடித்து வைத்தாள்.

“பன்னுனாலயா?”

“பன்னு, பாலு, ராத்திரி புட்டி. எல்லாம் சேர்ந்துதான். உடனே நிறுத்த வேண்டாம்னு சொன்னாங்க. கொஞ்சம் கொஞ்சமா சர்க்கரையக் குறைங்கன்னாங்க.”

அவன் எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டான். மழை அவன் காலை நனைத்துக்கொண்டிருந்தது. அடுப்படியில் நின்று நின்று பழுத்த உடம்பு; சின்னச் சாரலுக்கே அவனுக்கு இருமல் வந்துவிடும். உள்ளே வாங்க என்று கூப்பிட்டாள். அவன் வரவில்லை. உள்ளேயிருந்து டொக், டொக் என்று சத்தம் வந்ததும்தான் திரும்பினான்.

“தடவிடலாம்” என்றான். “கறுத்தா கறுக்கட்டும்.”

ஆனால் பல்லில் மருந்து தடவ வாய் திறக்க வேண்டுமே. பிடித்து அமுக்க மாட்டேன் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். வீட்டில் பழக்கிக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று வழியும் காட்டியிருந்தார். புருஷனும் பெண்டாட்டியும் தரையில் முட்டியோடு முட்டி தொட எதிரெதிரே உட்கார வேண்டும். பிள்ளையின் கால் அப்பா இடுப்பில், தலை அம்மா மடியில். பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் தோய்த்துப் பல்லில் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும்.

முதல் நாள் பட்டாணி அம்மாவின் விரலைக் கடித்துவிட்டாள். தையல் ஊசி ஏறினாலும் வாயைத் திறக்காத தையல்காரி அன்றைக்கு அழுதுவிட்டாள். மறுநாள் அப்பன் முகத்தில் உதை விழுந்தது. பிறகு ஒரு நாள் கணவன்தான் கவனித்தான். மிஷின் ஓடும்போது பட்டாணி எப்போதும் மேசைக்கடியில் போய் உட்கார்ந்து தாடையை மேசைக்காலில் வைத்துக்கொள்கிறாள், அந்த அதிர்வு ஏறும்போது வாய் தானாகத் திறந்துகொள்கிறது. சரி, மிஷினை ஓட்டிக்கொண்டே பழக்கலாம் என்றால், இருவரும் மடிகொடுத்து உட்கார்ந்துவிட்டால் மிஷினை மிதிப்பது யார்? நாத்தனாரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

எனக்கு இதில் இஷ்டமே இல்லை என்று சொல்லிக்கொண்டேதான் வந்தாள். நூல் கோக்காத வெறும் மிஷினில் உட்கார்ந்து, கடையில் நாள் பூராவும் நின்று வீங்கிய காலால், தினமும் மிதித்தாள்.

“தைக்கவும் இல்ல, கூலியும் இல்ல. எவளாவது வெறும் மிஷினை மிதிப்பாளா?”

“நிறுத்தாதீங்க அண்ணி. இப்பத்தான் திறந்தா.”

“மிதிச்சிக்கிட்டுத்தான இருக்கேன். இந்த மிதிக்கு நான் அடுத்த ஊருக்கே போய்ச் சேர்ந்திருப்பேன்.”

மழை ஓய்வதற்குள் குச்சி முன்பல் வரைக்கும் போனது. பிறகு கடவாய் வரைக்கும். அந்தக் கடைசிப் பல்லைத் தொட்டால் மட்டும் பட்டாணியின் உடம்பு ஒரு தடவை விறைக்கும். தையல்காரிக்கும் சேர்ந்து விறைக்கும்.

மருந்து தடவப் போன அன்று பட்டாணி மாடிப்படியின் இரண்டாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். தூக்கினால் அலறினாள். கண்ணில் போன வருஷத்துப் பார்வை. உதடு நீலம் பாரிக்கிற மாதிரி தையல்காரிக்குத் தோன்றியது. திரும்பிப் போய்விடலாம் என்று கணவனிடம் கண்ணாலேயே கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவனும் எழுந்துவிட்டான். அதற்குள் டாக்டர் மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, கையில் ஒரு கிண்ணமும் டார்ச்சும் பஞ்சுமாகக் கீழே இறங்கி வந்தார். மேல வரலன்னா என்ன, இங்கயே பண்ணிடலாம் என்று புடவையைச் செருகிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தார்.

படிக்குக் கீழே சைக்கிள் கடைக்காரர் ஒரு சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தின் கோட்டத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தார். நடப்பதைப் பார்த்துவிட்டு வேலையை நிறுத்தினார். டாக்டர் நிறுத்தாதீங்க என்று சைகை காட்டினார். அவர் சக்கரத்தைச் சுழற்றிவிட்டார். டிக்டிக்டிக் என்று பல்சக்கரம் ஓட, கம்பிகள் எல்லாம் ஒன்றாகி வெளிச்சம் மட்டும் சுற்றியது. பட்டாணி அதைப் பார்த்தாள். அலறல் பாதியில் நின்றது. வாய் மூடவில்லை.

“இப்ப” என்றார் டாக்டர்.

கணவன் கால்களைத் தாங்கினான். தையல்காரி உதட்டை விரலால் விலக்கினாள். உதட்டில் டாக்டர் தடவிவிட்ட வழுவழுப்பான களிம்பைப் பட்டாணி புறங்கையால் துடைத்துவிட்டிருந்தாள். பஞ்சால் பல் துடைக்கப்பட்டது. ஒரு சின்னத் தூரிகையில் மருந்து வந்தது. வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது. மூக்கில் மட்டும் லேசாக நெடி ஏறியது. முன்பல், இடது பக்கம், வலது பக்கம். பட்டாணி முகத்தைச் சுளித்துத் தலையை உதறினாள். டாக்டர் வாயோரத்தைத் துடைத்துவிட்டார். சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தை மறுபடி ஒரு சுழற்று சுழற்றினார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

தையல்காரி பிள்ளையைத் தூக்கி மடியில் உட்கார்த்திக்கொண்டாள். போன வருஷத்திலிருந்து பிடித்துவைத்திருந்த மூச்சை அந்தப் படியில்தான் விட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் காலை அவள் விழித்தபோது வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் அவளை எழுப்பியதே. பட்டாணி எப்போதும் பொழுது விடிவதற்குள் எழுந்துவிடுவாள், எழுந்ததும் சுவர்தான். இன்றைக்குச் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தாள். பிள்ளை மல்லாந்து கிடந்தாள். பால் புட்டி தானாக நழுவித் தரையில் உருண்டிருந்தது. ஜன்னல் வழியாக வந்த வெளிச்சத்தில் பிள்ளையின் கீழுதட்டிலிருந்து மோவாய் வரைக்கும் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. தீய்ந்துபோன மாதிரி. வாயோரத்தில் ஒரு திட்டு.

“பட்டாணி” என்று உலுக்கினாள். பிள்ளை எழுந்திருக்கவில்லை. கை துவண்டு விழுந்தது. உலுக்கின தன் கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் கரிக்கட்டையாக இருந்தன. தண்ணீர்த் தொட்டிக்கு ஓடிப்போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. கல்லில் உரசினாள். தோல்தான் எரிந்தது, கறுப்பு அப்படியே இருந்தது. உள்ளே போனது குடலையும் இப்படித்தானே சுட்டிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. நாத்தனாரை எப்படிக் கூப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியாது. நாத்தனார் தலையைக்கூட முடியாமல் ஓடிவந்தாள். பிள்ளையின் வாயைப் பார்த்தாள்.

“நான் சொன்னேனே” என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கணவன் பேக்கரியிலிருந்து வந்தான். மனைவி நீட்டிய விரலையும் பிள்ளை மோவாயையும் மாறி மாறிப் பார்த்தான். பட்டாணியின் மூக்கருகே தன் கையை வைத்தான். அடுப்புச் சூட்டில் காய்த்துப்போன கை. அதில் எதுவும் உறைக்கவில்லை. மூச்சு இருக்கிறதா இல்லையா என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. பிள்ளையை வாரி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு செருப்பில்லாமல் ஓட ஆரம்பித்தான். தையல்காரி பின்னால் ஓடினாள். நாத்தனார் வீட்டைத் திறந்தபடி போட்டுவிட்டு அவள் பின்னால் ஓடிவந்தாள்.

மழை விட்ட தெரு சேறும் சகதியுமாகக் கிடந்தது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கினார்கள். யாரோ என்ன ஆச்சு என்று கேட்டார்கள். தையல்காரி நிற்காமல் ஓடினாள். நான்தான் உதட்டைப் பிடித்தேன், போன தடவை கையைப் பிடித்தேன், இந்தத் தடவை உதட்டைப் பிடித்தேன் என்று அவளுக்குள் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது.

சைக்கிள் கடைக்குக் கொஞ்சம் முன்னால் கணவன் சட்டென்று நின்றுவிட்டான். அவன் தோள் குலுங்கியது. தையல்காரி அடுத்த அடி எடுத்துவைக்கப் பயந்து இருந்த இடத்திலேயே நின்றாள்.

“கிள்றா” என்றான் அவன் திரும்பாமலே.

“என்ன?”

“நெஞ்சுல கிள்றா. வந்து பாரு.”

பட்டாணி விழித்திருந்தாள். தூக்கத்தைக் கெடுத்த கோபத்தில் முகம் சிவந்திருந்தது. அப்பன் சட்டைக்குள் கையை விட்டுக் கிள்ளிக் கிள்ளி, அங்கே நசுங்கிக் கிடந்த பன்னைப் பிய்த்து எடுத்தாள். ஓட்டத்தில் அதை அவன் மறந்தே போயிருந்தான். எடுத்து வாயில் போட்டாள். பாலில் ஊறவைக்காத காய்ந்த பன். இடது பக்கம் ஒரு கடி, வலது பக்கம் ஒரு கடி என்று மென்றாள். வலது பக்கம் மெல்லும்போது முகம் கொஞ்சம் சுளித்தது, ஆனாலும் மென்றாள். சுற்றிக் கூடிவிட்ட கூட்டத்துக்கு நடுவில் அவன் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

கடையைத் திறக்க வந்த சைக்கிள்காரர்தான் டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் வந்து பார்த்தார். பட்டாணியின் மூச்சைப் பார்த்தார், இமையை விலக்கிப் பார்த்தார், வயிற்றைத் தொட்டார். பிறகு தன் வலது கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டுக்கு மேலே, கையுறை மறைக்காத இடத்தில், மிளகளவு கறுப்புப் புள்ளி இருந்தது.

“களிம்பை அவ துடைச்சிட்டா, அதான் உதட்டுல பட்டிருக்கு. எனக்கும் பட்டிருக்கு பாருங்க. தோல்ல பட்டா மறுநாள் கறுக்கும்னு சொன்னேனேம்மா. வலிக்காது, சுடாது. ஒன்னு ரெண்டு வாரத்துல தோலோட சேர்ந்து தானா போயிடும். நீங்க தேய்ச்சுத் தேய்ச்சுப் புண்ணாக்கிக்காதீங்க.”

“எழுந்திருக்கவே இல்லை டாக்டர். உலுக்கினேன். எழுந்திருக்கவே இல்லை.”

“எத்தனை நாளாச்சு அவ தூங்கி?”

தையல்காரி யோசித்தாள். பக்கத்தில் நின்ற நாத்தனாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நாத்தனார் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, புள்ள தூங்கியிருக்கும்மா, தூங்கித்தான் இருக்கு என்று, ஏதோ தானே கண்டுபிடித்தவள் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

தோலின் கறுப்பு டாக்டர் சொன்னபடியே போய்விட்டது. பல்லின் கறுப்பு அப்படியே இருந்தது. முன்பல் நாலும் ஓரம் தின்னப்பட்ட கரித்துண்டுகள் மாதிரி ஆயின. முதல் தடவை தெருவில் பட்டாணி சிரித்தபோது தையல்காரியின் கை தானாகப் போய் அந்த வாயை மூடியது. பட்டாணி அந்தக் கையைத் தள்ளிவிட்டுவிட்டுத் திரும்பச் சிரித்தாள். ஒரு பையன் தன் அம்மாவிடம் ஏதோ கேட்டான். அதை நாத்தனார்தான் எதிர்கொண்டாள். மருந்து போட்ட பல்லுப்பா, இரும்பு மாதிரி கெட்டி, நீ வேணும்னா விரலை வெச்சுப் பாரு என்றாள். பையன் விரலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

பேக்கரியில் கணவன் தட்டின் ஓரத்தில் பட்டாணிக்கென்று தனியாக ஒரு பன் சுட ஆரம்பித்தான். அதில் சர்க்கரையை ஒவ்வொரு சிட்டிகையாகக் குறைத்துக்கொண்டு வந்தான். ஒருநாள் அவசரத்தில் கொஞ்சம் அதிகமாகக் குறைத்துவிட்டான் போலிருக்கிறது; பட்டாணி அதை மோந்து பார்த்துவிட்டு அவன் மேலேயே எறிந்தாள். மறுநாள் பழைய அளவுக்குப் போய், அங்கிருந்து மறுபடி மெல்ல இறங்கினான். தூங்கும்போது புட்டியில் பாலுக்குத் தண்ணீர் சேர்ந்து சேர்ந்து, கடைசியில் தண்ணீர் மட்டும் ஆனது. அந்தச் சில வாரங்களில் அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் குச்சி போய் பிரஷ் வந்தது. நாத்தனார் வெறும் மிஷினை மிதிக்க வந்துகொண்டே இருந்தாள்.

இரண்டாம் தடவை மருந்து தடவ டாக்டர் படிக்கு இறங்கி வரவேண்டியிருக்கவில்லை. பட்டாணி ஐந்தாறு படி ஏறி, உட்கார்ந்து, யோசித்து, மறுபடி ஏறினாள். டாக்டர் ஒரு சின்னக் கருவியின் முனையால் சொத்தைகளைத் தொட்டுப் பார்த்தார். முன்பெல்லாம் தொட்டால் அமுங்கியிருக்கும், இப்போது கல் மாதிரி இருக்கிறது என்றார். அந்தக் கடைசிப் பல்லைப் பற்றி மட்டும் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. வலித்தாலோ வீங்கினாலோ எடுத்துவிட வேண்டியதுதான், ஒரு பல்லை எடுக்க முழு மயக்கம் தேவைப்படாது என்றார். ஆனால் வலிக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும் என்று தையல்காரி கேட்டாள். கவனிச்சிட்டே இருங்கம்மா என்றார்.

அவள் கவனித்துக்கொண்டேதான் இருந்தாள். பயம் அவளைவிட்டுப் போகவே இல்லை. காலையில் எழுந்ததும் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பாள். சுவரில் எது இடித்தாலும் மிஷினை நிறுத்துவாள். பக்கத்து வீட்டில் ஆணி அடித்தால்கூட எழுந்து ஓடுவாள்.

வெயில் காலம் வந்தது. ஒருநாள் மத்தியானம் அவள் சட்டைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். கணவன் உள்ளே படுத்திருந்தான். பட்டாணி மேசைக்கடியிலிருந்து வெளியே வந்து அம்மாவின் முன்னால் நின்றாள். மிஷின் மேல் இருந்த கையைப் பிடித்து இழுத்தாள். தையல்காரி என்னடி என்று கேட்டுக்கொண்டே கையைக் கொடுத்தாள். பட்டாணி ஐந்து விரலையும் பார்த்தாள். ஆள்காட்டி விரலை மட்டும் பிரித்து எடுத்தாள். வாயைத் திறந்து, அந்த விரலை உள்ளே கொண்டுபோய், கீழே, வலது பக்கம், கடைசியில் வைத்து நிறுத்தினாள்.

ஈறு சூடாக இருந்தது. பல்லுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மேடு தட்டுப்பட்டது.

“இங்கயா?”

பட்டாணி கடிக்கவில்லை. தன் இரண்டு கையாலும் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, விரலை அந்தப் பல்லின் மேல் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க” என்று தையல்காரி கூப்பிட்டாள். “ஏங்க, எழுந்து வாங்க. பட்டாணி சொல்றா.”

அவன் அரைத்தூக்கத்தில் எழுந்து வந்து வாசற்படியில் நின்றான். “என்ன சொல்றா?”

“இந்தப் பல்லு வலிக்குதாம்” என்றாள் அவள், விரலை எடுக்காமலே.